சோமேக்ஸ்கானை உங்கள் புரோகிராமே மாற்ற வேண்டுமா?

கேள்வி இது: ஃப்ரீபிஎஸ்டியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு சி புரோகிராமை லினக்ஸுக்குக் கொண்டுவருகிறீர்கள். சிஸ்/சிஸ்சிடிஎல்.எச் என்ற ஹெடரே இல்லை என்று கம்பைலர் கைவிரிக்கிறது. கர்னல் அமைப்புகளைப் படிக்கவும், முக்கியமாக நெட்.கோர்.சோமேக்ஸ்கானை (சர்வரில் அக்செப்ட்டுக்குக் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசைக்குக் கர்னல் வைத்திருக்கும் உச்ச வரம்பு) உயர்த்தவும் எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது? கன்டெய்னருக்குள் ரூட்டாக இருந்துகொண்டு எழுதினாலும் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வருகிறதே, அது ஏன்?

முதல் பாதிக்குப் பதில் சின்னது. லினக்ஸில் அப்படியொரு ஃபங்ஷன் இப்போது கிடையாது. /ப்ராக்/சிஸ் என்ற அடைவுக்குக் கீழே ஒவ்வொரு அமைப்பும் ஒரு கோப்பாக இருக்கிறது. திறந்து படிக்கலாம், எழுதலாம், அவ்வளவுதான். பெயரில் இருக்கும் புள்ளிகள் அங்கே சாய்கோடுகளாகிவிடும்: நெட்.கோர்.சோமேக்ஸ்கான் என்பது /ப்ராக்/சிஸ்/நெட்/கோர்/சோமேக்ஸ்கான். இரண்டாவது பாதிக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதோடு, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லப்போகிறேன்: அந்த எண்ணை உங்கள் புரோகிராம் மாற்றவே வேண்டாம், படித்தால் போதும்.

ஹெடர் எங்கே போனது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சிஸ்சிடிஎல் என்ற ஏற்பாடு 1993இல் வந்த 4.4பிஎஸ்டியில் பிறந்தது. ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் எண் வரிசை இருக்கும். அந்த எண்களை ஒரு அரேயில் போட்டு சிஸ்டம் காலுக்குக் கொடுத்தால் மதிப்பு கிடைக்கும். லினக்ஸும் 1.3 காலத்திலேயே அதே பெயரில் ஒரு சிஸ்டம் காலை வைத்துக்கொண்டது. ஆனால் கர்னல் பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் மாறியதால் அதை நம்பி யாரும் புரோகிராம் எழுத முடியவில்லை, எல்லாரும் /ப்ராக்/சிஸ் பக்கமே போனார்கள். அதன் மேன் பக்கமே "இதைப் பயன்படுத்தாதீர்கள்" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் 2020 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.5இல் அந்த சிஸ்டம் காலையே எடுத்துவிட்டார்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியும் 2.30இல் அந்த ஹெடருக்கு எச்சரிக்கை போட ஆரம்பித்து, 2020 ஆகஸ்டில் வந்த 2.32இல் ஹெடரையே நீக்கிவிட்டார்கள். ஆக, உங்கள் கம்பைலர் சொல்வது சரி. பழைய ஹெடரை எங்கிருந்தோ எடுத்துவந்து ஒட்டாதீர்கள். கம்பைல் ஆகும், ஆனால் ஜிலிப்சியில் அந்த ஃபங்ஷனே இல்லாததால் லிங்க் ஆகாது; சிஸ்டம் காலை நேரடியாகக் கூப்பிட்டாலும் அப்படியொன்று இல்லை என்று கர்னல் திருப்பி அனுப்பும்.

உங்கள் புரோகிராம் ஃப்ரீபிஎஸ்டியிலும் தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் பழைய கோடை இஃப்டெஃப்புக்குள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எண் அரேயைக் கையால் கட்டத் தேவையில்லை. சிஸ்சிடிஎல்பைநேம் என்ற ஃபங்ஷனுக்குப் பெயரையே கொடுக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, மேக்ஓஎஸ் மூன்றிலும் அது உண்டு. ஓபன்பிஎஸ்டியில் மட்டும் எண் அரேதான்.

பிஎஸ்டி பக்கம் ஆள் விழும் குழி, அளவு. நீங்கள் கொடுக்கும் பஃபரின் நீளம் உள்ளே போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது கர்னல் எழுதிய நீளம். ஃப்ரீபிஎஸ்டியில் எச்டபிள்யூ.என்சிபியு நான்கு பைட் இன்ட். அதை எட்டு பைட் மாறியில் வாங்கினால் நான்கு பைட் மட்டும் நிரம்பும், மீதி நான்கில் ஏற்கனவே இருந்த குப்பை அப்படியே கிடக்கும். எதிர்த் திசையிலும் உண்டு: மேக்ஓஎஸ்ஸின் எச்டபிள்யூ.மெம்சைஸ் 64 பிட் எண், அதை இன்ட்டில் வாங்கலாம் என்று நினைத்தால் நினைவக அளவு அதில் கொள்ளாது. மாறியைப் பூஜ்யமாக்கிவிட்டு, திரும்பி வந்த நீளமும் நீங்கள் எதிர்பார்த்த நீளமும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் மதிப்பைத் தொட வேண்டும். புராசஸ் பட்டியல் மாதிரி நீளம் தெரியாதவற்றுக்கு, பஃபருக்குப் பதிலாக நல் பாயின்டர் கொடுத்து முதலில் அளவைக் கேட்டு, அப்புறம் இடம் ஒதுக்கி இரண்டாம் முறை கேட்பது வழக்கம். அந்த இரண்டு அழைப்புகளுக்கு நடுவே நாலு புராசஸ் புதிதாக முளைத்துவிட்டால் இநோமெம், அதாவது இடம் போதாது என்ற பிழை, வரும். கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்கி, லூப்பில் போடுங்கள்.

இனி லினக்ஸ். படிப்பது எளிது என்றாலும் சாதாரணக் கோப்பு என்று நினைத்துவிடக் கூடாது. எஃப்ஸ்டாட் போட்டுக் கோப்பின் அளவைக் கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும். அந்த அளவுக்கு மால்லாக் செய்தால் ஒன்றும் கிடைக்காது. 4096 பைட் பஃபர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே ரீடில் படியுங்கள், பெரும்பாலானவற்றுக்கு அது தாராளம். கடைசியில் ஒரு நியூலைன் வரும், வெட்டிவிடுங்கள். சில கோப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும்: நெட்.ஐபிவி4.டிசிபி_ஆர்மெம்மில் மூன்று, ஐபி_லோக்கல்_போர்ட்_ரேஞ்சில் இரண்டு. நடுவில் இருப்பது ஸ்பேஸ் இல்லை, டேப்.

எண்ணாக மாற்றும்போது ஏடுஐ வேண்டாம். கணினி முழுவதிலும் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் உச்சமான எஃப்எஸ்.ஃபைல்-மேக்ஸைப் பாருங்கள். சிஸ்டம்டி (பூட் ஆகும்போது சேவைகளைக் கிளப்பி நிர்வகிப்பது) இருக்கும் இன்றைய 64 பிட் கணினிகளில் அதில் 9223372036854775807 என்று இருக்கும். சிஸ்டம்டி 240ஆம் பதிப்பிலிருந்து பூட் ஆகும்போதே அதை உச்சத்துக்குத் தூக்கிவிடுகிறது. இதை இன்ட்டில் அடைத்தால் என்ன கிடைக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஸ்டார்டோயூஎல்எல் பயன்படுத்தி, எங்கே நின்றது, எர்நோ என்ன என்று இரண்டையும் பாருங்கள்.

புள்ளியைச் சாய்கோடாக்கும் வேலையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. விலான் (ஒரே இணைப்பில் தனித்தனி நெட்வொர்க்) போட்ட நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் பெயர் ஈத்0.100 என்று இருக்கலாம். அதில் உள்ள புள்ளி பெயரின் பகுதி, பிரிப்பான் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் புள்ளியையும் மாற்றினால் இல்லாத ஓர் அடைவைத் தேடிப்போவீர்கள். சிஸ்சிடிஎல் கமாண்டில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது: முதலில் வரும் பிரிப்பான் சாய்கோடாக இருந்தால் புள்ளிகளைத் தொடாது, முதலில் புள்ளி வந்தால், பின்னால் வரும் சாய்கோட்டைப் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் புரோகிராமில் பெயரை எப்போதும் சாய்கோட்டு வடிவிலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

எழுதுவதற்கு வருவோம். நான் பார்த்த கோடுகளில் பாதிக்கு மேல் தப்பாக இருப்பது இந்த இடம்தான். எஃப்ஓபன், எஃப்பிரின்ட்எஃப், எஃப்குளோஸ் என்று மூன்று வரி எழுதி, எஃப்பிரின்ட்எஃப் என்ன திருப்பியது என்று மட்டும் பார்ப்பார்கள். எஃப்பிரின்ட்எஃப் கர்னலிடம் போவதே இல்லை. அது பஃபரில் எழுதிவிட்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும். உண்மையான ரைட் நடப்பது எஃப்குளோஸில், "இந்த மதிப்பு செல்லாது" என்று கர்னல் இஇன்வால் தருவதும் அங்கேதான். எஃப்குளோஸின் விடையை யார் பார்க்கிறார்கள்? லாகில் "சோமேக்ஸ்கான் மாற்றப்பட்டது" என்று பெருமையாக ஒரு வரி இருக்கும், கர்னலில் பழைய எண் இருக்கும். பைத்தானிலும் இதே கதைதான்: வித் போட்டுத் திறந்தால் பிளாக் முடியும்போது பிழை வெளியே வரும், ஓபன் போட்டு அதே வரியில் ரைட் செய்துவிட்டு அப்படியே விட்டால், பிழை எக்ஸெப்ஷனாக மேலே வராது, புரோகிராம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே ஓபன், ரைட், குளோஸ் என்ற நேரடி சிஸ்டம் கால்களையே பயன்படுத்துங்கள். முழு மதிப்பையும் ஒரே ரைட்டில் கொடுங்கள், துண்டு துண்டாக வேண்டாம். ரைட் திருப்பிய எண் நீங்கள் கொடுத்த நீளத்துக்குச் சமமா என்று பாருங்கள். முடிந்ததும் மறுபடி படித்து ஒப்பிடுங்கள்.

பிழை எண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இஇன்வால் வந்தால் மதிப்பு வரம்புக்கு வெளியே. நினைவகத்தை ஸ்வாப்புக்கு எவ்வளவு தாராளமாகத் தள்ளுவது என்று சொல்லும் விஎம்.ஸ்வாப்பினஸுக்கு 150 எழுதினால் 5.8 முதல் ஏற்கும், ஏனென்றால் உச்ச வரம்பு 200 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய கர்னலில் வரம்பு 100தான், திருப்பி அனுப்பும். இநோஎன்ட் வந்தால் அந்த அமைப்பே இந்தக் கர்னலில் இல்லை, அல்லது அதைக் கொண்டுவரும் மாட்யூல் இன்னும் ஏறவில்லை. நெட்.பிரிட்ஜ் என்று தொடங்குபவை பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூல் ஏறிய பிறகுதான் கண்ணில் படும். இரோஎஃப்எஸ், அதாவது "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்", வந்தால் பெரும்பாலும் நீங்கள் கன்டெய்னரில் இருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இஆக்ஸஸ் வந்தால் பெரும்பாலும் நீங்கள் ரூட் இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு நுட்பம். "முழு ரூட் வேண்டாம், கேப்_சிஸ்_அட்மின் என்ற கேப்பபிலிட்டியை, அதாவது ரூட் அதிகாரத்தின் ஒரு துண்டை, மட்டும் கொடுப்போம்" என்று சிலர் நினைப்பார்கள். /ப்ராக்/சிஸ் கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கர்னல் பார்ப்பது கேப்பபிலிட்டியை அல்ல, யூஐடி பூஜ்யமா என்பதைத்தான். வழக்கமாக எந்தக் கோப்பையும் திறந்துவிடும் கேப்_டிஏசி_ஓவர்ரைட் கூட இங்கே செல்லாது, இந்தக் கோப்புகளுக்குத் தனி அனுமதிச் சோதனை. நெட் கிளை முக்கியமான விதிவிலக்கு: அந்த நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் (கன்டெய்னர் போன்றவற்றுக்குக் கர்னல் பிரித்துக் கொடுக்கும் தனி நெட்வொர்க்) கேப்_நெட்_அட்மின் இருந்தால் ரூட்டுக்குச் சமமாக விடும்.

ஒரு மதிப்பை மாற்றினால் அது ஒன்றுதான் மாறும் என்றும் நம்பிவிடாதீர்கள். நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு இதற்கு நல்ல உதாரணம். அதை மாற்றும்போது, இந்தக் கணினி ஹோஸ்ட்டா ரவுட்டரா என்பதைப் பொறுத்து மற்ற ஐபி அமைப்புகளையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோகும் என்று கர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. முதலில் ரீடைரக்ட்டுகளை ஏற்காதே என்று அழகாக அமைத்துவிட்டு, அப்புறம் ஃபார்வர்டிங்கைத் திறந்தால், முன்னால் செய்தது நிலைத்திருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வரிசையைத் திருப்பிப்போடுங்கள்: ஃபார்வர்டிங் முதலில், மற்றவை பிறகு.

சரி, சோமேக்ஸ்கான். ஒரு சர்வர் லிஸன் கூப்பிடும்போது பேக்லாக் (அக்செப்ட்டுக்குக் காத்திருக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கை) என்று ஓர் எண் கொடுக்கிறதே, அதற்குக் கர்னல் வைத்திருக்கும் கூரை இது. நீங்கள் 1024 கேட்டு, கூரை 128ஆக இருந்தால், 128தான் கிடைக்கும். பிழை வராது, எச்சரிக்கை வராது, லிஸன் வெற்றி என்றே சொல்லும். லினக்ஸில் இந்தக் கூரை பல காலம் 128ஆக இருந்து 5.4இல்தான் 4096 ஆனது. பழைய கர்னலில் ஓடும் சர்வர்களில் கூட்ட நேரத்தில் மட்டும் இணைப்புகள் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு கிடைத்தது என்பதை எஸ்எஸ் கமாண்டில் பார்க்கலாம். எஸ்எஸ் -எல்என்டி என்று கொடுங்கள். லிஸன் நிலையில் இருக்கும் சாக்கெட்டுக்கு சென்ட்-க்யூ என்ற பத்தியில் இருப்பது பேக்லாக் அளவு, ரெசிவ்-க்யூவில் இருப்பது இப்போது அக்செப்ட்டுக்குக் காத்திருக்கும் இணைப்புகள். நிரம்பி வழிந்ததா என்று தெரிய என்ஸ்டாட் கமாண்டில் டிசிபிஎக்ஸ்ட்லிஸன்ஓவர்ஃப்ளோஸ் என்ற கவுன்டரைப் பாருங்கள். அது ஏறவே இல்லை என்றால் சோமேக்ஸ்கானைத் தொட வேண்டிய வேலையே இல்லை, பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. இதைப் பார்க்காமலேயே எண்ணை 65535 ஆக்குகிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று: கூரையை உயர்த்தினால் ஏற்கனவே லிஸனில் இருக்கும் சாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதன் பேக்லாக் லிஸன் கூப்பிட்ட நொடியில் முடிவானது. சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அல்லது அதே சாக்கெட்டின் மேல் லிஸனை இன்னொரு முறை கூப்பிட வேண்டும். லினக்ஸ் அதை அனுமதிக்கிறது, பேக்லாக்கை மட்டும் திருத்திக்கொள்ளும். அதேபோல் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் லினக்ஸில் தானாகக் கேட்பது 511தான். நீங்கள் கூரையை 4096 ஆக்கினாலும் அதன் கான்ஃபிக்கில் பேக்லாக்கைச் சொல்லாதவரை 511இலேயே நிற்கும்.

இப்போது, நான் ஏன் மாற்ற வேண்டாம் என்கிறேன் என்பது புரிந்திருக்கும். உங்கள் புரோகிராமுக்குத் தேவை கூரை அனுமதிக்கும் அதிகபட்சம், கூரையே அல்ல. கோ மொழியின் நெட் பேக்கேஜ் என்ன செய்கிறது தெரியுமா? லினக்ஸில் /ப்ராக்/சிஸ்/நெட்/கோர்/சோமேக்ஸ்கானைத் திறந்து ஒருமுறை படித்து, அந்த எண்ணையே லிஸனுக்குக் கொடுக்கிறது. கணினியின் சொந்தக்காரர் எவ்வளவு வைத்திருக்கிறாரோ அவ்வளவு. சி-யில் இன்னும் சுலபம், படிக்கக்கூட வேண்டாம்: பெரிய எண் ஒன்றை லிஸனுக்குக் கொடுத்தால் கர்னலே கூரைக்கு வெட்டிக்கொள்ளும்.

கூரை போதாது என்று நினைத்தால் சத்தமாகச் சொல்லுங்கள். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் இதை ஒழுங்காகச் செய்கிறது. தான் கேட்ட 511ஐவிட சோமேக்ஸ்கான் குறைவாக இருந்தால், எந்தக் கோப்பில் எந்த எண் இருக்கிறது என்று லாகில் எச்சரிக்கை போட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வர் ஒரு படி மேலே: பல ஆண்டுகளாக விஎம்.மேக்ஸ்_மேப்_கவுன்ட்டுக்கு (ஒரு புராசஸ் வைத்துக்கொள்ளக்கூடிய நினைவக மேப்புகளின் உச்சம்) அது கேட்டுவந்த குறைந்தபட்சம் 262144. கர்னலின் டிஃபால்ட் 65530. நெட்வொர்க்குக்குத் திறந்து புரொடக்ஷனில் ஓடவைக்கும்போது குறைவாக இருந்தால் கிளம்பவே மாட்டேன் என்று நின்றுவிடும். இரண்டுமே தானாகப் போய்க் கர்னலில் கைவைப்பதில்லை. ஒரே கணினியில் இரண்டு புரோகிராம்கள் ஆளுக்கொரு எண்ணை எழுத ஆரம்பித்தால் கடைசியாக எழுதியவர் சொன்னதே நிற்கும், படித்து மாற்றி எழுதுவதற்கு இடையில் பூட்டு எதுவும் கிடையாது. "வெளியேறும்போது பழைய மதிப்பைத் திருப்பி வைத்துவிடுகிறேன்" என்பார்கள்; கில் -9 வாங்கிய புரோகிராம் எதையும் திருப்பி வைப்பதில்லை. நடுவில் அட்மின் கையால் மாற்றியிருந்தால் அதையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள்.

கணினி முழுவதையும் மாற்றாமல் உங்கள் சாக்கெட்டை மட்டும் மாற்ற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள், பல சமயம் இருக்கும். கஞ்சஷன் கன்ட்ரோலை மாற்ற டிசிபி_கஞ்சஷன் என்ற சாக்கெட் ஆப்ஷன், வெளிப்போகும் போர்ட்டுகளின் எல்லைக்கு 6.3 முதல் ஐபி_லோக்கல்_போர்ட்_ரேஞ்ச் என்ற ஆப்ஷன், கோப்பு எண்ணிக்கைக்கு செட்ஆர்லிமிட். பெறும் பஃபரின் அளவை வைக்கும் எஸ்ஓ_ஆர்சிவிபஃப்பை மட்டும் யோசித்துப் போடுங்கள். அதைக் கையால் வைத்ததும் கர்னலின் தானியங்கிச் சரிசெய்தல் அந்த சாக்கெட்டுக்கு நின்றுவிடும், பெரும்பாலும் இருந்ததைவிட மோசமாகும்.

கன்டெய்னர் கதை. டாக்கர் சாதாரணமாக /ப்ராக்/சிஸ்ஸை ரீட்-ஒன்லியாகத்தான் மவுன்ட் செய்யும். உள்ளே நீங்கள் ரூட்டாக இருந்தாலும் இரோஎஃப்எஸ்தான். ப்ரிவிலெஜ்டு மோடில் ஓட்டினால் எழுத முடியும். ஆனால் ஓர் எண்ணுக்காக வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் கொடுக்கிற கதை அது. டாக்கர் ரன்னுக்கு --சிஸ்சிடிஎல் என்ற ஆப்ஷன் இருக்கிறது, நெட்.கோர்.சோமேக்ஸ்கான்=1024 என்று அங்கேயே கொடுத்துவிடலாம். ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓடும் கன்டெய்னருக்கு நெட் அமைப்புகளை இப்படிக் கொடுக்க விடமாட்டார்கள், நியாயம்தான், அது ஹோஸ்ட்டையே மாற்றுவதாகிவிடும். குபர்னெட்டீஸில் பாட் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு) ஒவ்வொன்றின் செக்யூரிட்டிகான்டெக்ஸ்டில் எழுத வேண்டும். சோமேக்ஸ்கான் அங்கே பாதுகாப்பானவை பட்டியலில் இல்லாததால், அந்த நோடில் கன்டெய்னர்களை ஓட்டும் குபெலெட்டிலும் அதை அனுமதித்திருக்க வேண்டும்.

பலரைக் குழப்புவது இதற்கு அடுத்தது. ஹோஸ்ட்டில் சோமேக்ஸ்கானை 8192 ஆக்கிவிட்டு, கன்டெய்னரில் பார்த்தால் 4096 என்று இருக்கும். சோமேக்ஸ்கான் ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் தனி, புதிய நேம்ஸ்பேஸ் பிறக்கும்போது ஹோஸ்ட்டின் எண்ணை வாங்கிக்கொள்வதில்லை, கர்னலின் டிஃபால்ட்டோடு பிறக்கிறது. விஎம் கிளையோ நேர் எதிர்: அதற்கு நேம்ஸ்பேஸே கிடையாது, மேக்ஸ்_மேப்_கவுன்ட்டை ஹோஸ்ட்டில்தான் மாற்ற முடியும், மாற்றினால் அந்த ஹோஸ்ட்டில் ஓடும் அத்தனை கன்டெய்னருக்கும் அதுதான்.

மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்றால், உங்கள் இன்ஸ்டாலர் /எட்சி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு .கான்ஃப் கோப்பை வைக்கட்டும். பேக்கேஜாகக் கொடுப்பதென்றால் /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்சிடிஎல்.டி. சிஸ்டம்டி இந்த அடைவுகளில் உள்ள கோப்புகளை, எந்த அடைவு என்று பார்க்காமல், பெயர் வரிசையில் படிக்கும்; ஒரே அமைப்பு இரண்டில் இருந்தால் பின்னால் வருவது ஜெயிக்கும். அதனால் உங்கள் கோப்பின் பெயரை 99 என்று தொடங்காதீர்கள். 50 போல் ஏதாவது வைத்தால், அட்மின் தன் கோப்பால் அதை மீறிக்கொள்ள இடம் இருக்கும். உடனே அமலாக சிஸ்சிடிஎல் --சிஸ்டம் என்று ஒருமுறை ஓட்ட வேண்டும். பூட் நேரத்தில் மாட்யூல் ஏறுவதற்கு முன்பே இந்தக் கோப்புகள் படிக்கப்பட்டுவிட்டால் அந்த மாட்யூலின் அமைப்புகள் விழாது, மாட்யூல்ஸ்-லோட்.டி அடைவில் மாட்யூல் பெயரையும் எழுதிவைத்தால் அது முதலில் ஏறிவிடும்.

உங்கள் கோடைச் சோதிக்க ஹோஸ்ட்டைத் தொட வேண்டியதில்லை. சூடோ அன்ஷேர் -என் பாஷ் என்று ஓட்டினால் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் ஒரு ஷெல் கிடைக்கும். அதற்குள் சோமேக்ஸ்கானை 16 ஆக்குங்கள், உங்கள் சர்வரைக் கிளப்புங்கள், எஸ்எஸ்ஸில் சென்ட்-க்யூ 16 என்று வருகிறதா, உங்கள் எச்சரிக்கை லாகில் விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் அதையே 4096 ஆக்கி, சர்வரை நிறுத்தாமல் எஸ்எஸ்ஸை மறுபடி ஓட்டுங்கள். இன்னும் 16தான் காட்டும். எக்ஸிட் கொடுத்தால் அந்த ஷெல்லோடு நேம்ஸ்பேஸும் போய்விடும். சர்வரை அதற்கு முன் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அது பின்னணியில் அந்த நேம்ஸ்பேஸைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.